அடுத்த ரவுண்டு முடியட்டும்

இந்தக் கதையில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மூச்சு நின்றுபோகட்டும். இந்த வயதில் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய என்னிடம் வேறு கையிருப்பு இல்லை. ஆகவே தைரியமாக நம்பலாம்.

நிறுவனர் அன்று காலையில் தன் அப்பாவைச் சாகடிக்கும் உத்தேசத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. முதலீட்டுக்காரம்மாவைப் பார்த்துப் பேசி, தன் கம்பெனியில் பணம் போட வைப்பதுதான் உத்தேசம். இரவல் கோட்டு தோளில் கொஞ்சம் தொங்கியது. அப்பாதான் வாசல்வரை வந்து, பின்னாலிருந்து அதை இழுத்துச் சரிசெய்து, "நடுவுல மூச்சு விட்டுப் பேசு, நிறுவனரே" என்று அனுப்பிவைத்தார். எம்.பி.ஏ. முடித்த கையோடு பையன் முதலில் விசிட்டிங் கார்டு அடித்தான். கம்பெனி அதற்கப்புறம்தான் வந்தது. கார்டில் பெயருக்குக் கீழே 'நிறுவனர்' என்று போட்டிருந்ததைப் படித்த நாளிலிருந்து அப்பா அவனை வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நிறுவனர் குளிச்சாச்சா?" "நிறுவனரே, அந்தக் குப்பையக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வாங்க." அவனுக்குக் கோபம் வரும். கூடவே கொஞ்சம் பெருமையும் வரும். இரண்டில் எது அதிகம் என்று அவன் அப்போது பிரித்துப் பார்த்ததில்லை.

அப்பா லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். சுமாரான மெக்கானிக். ஸ்க்ரூவைத் திருப்புகிற வேலையெல்லாம் அவருடைய கூட்டாளிக்கு. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் மேலே போய் மோட்டாரைப் பார்ப்பவர் கூட்டாளி. கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்கள் பயப்படாமல் இருக்கக் கதை விடுபவர் அப்பா. இப்படியொரு உத்தியோகம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. ஆனால் அவர் கதை சொன்ன கட்டடங்களில் யாரும் கதவை உதைத்ததில்லை, யாருக்கும் மயக்கம் வந்ததில்லை என்று தெரிந்ததும் மேலதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். அவருடைய பேர்பெற்ற கதை கோபக்கார லிஃப்டைப் பற்றியது. நாலாவது மாடிக்காரர்கள் கதவைப் படாரென்று சாத்துகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு அந்த லிஃப்ட் நாலாவது மாடியில் நிற்பதையே விட்டுவிட்டது. அப்பா போய் இரு தரப்பையும் வைத்துச் சமாதானம் பேசினார். லிஃப்ட் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. அது என்ன நிபந்தனை என்று அவர் சொல்லப்போகும் நேரத்தில் மேலே மோட்டார் ஓடத் தொடங்கி, கதவு திறந்துவிடும். "என்ன கண்டிஷன்னு சொல்லிட்டுப் போங்க சார்" என்று வெளியே வந்தவர்கள் அவர் சட்டையைப் பிடிப்பார்கள். "அதுக்கு நீங்க இன்னொரு தடவ மாட்டணும்" என்பார். ஒருமுறை கதவு திறந்ததும் உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து பொத்தானை அமுக்கி மறுபடி கதவைச் சாத்திக்கொண்டதாகவும் சொல்வார். சின்ன வயதில் நிறுவனர் அதை நம்பினான்.

அந்தக் கதவோரத்து ஸ்டூலிலிருந்துதான் கம்பெனி பிறந்தது. லிஃப்டுக்குள் ஒரு பெட்டி. லிஃப்ட் நின்றுபோனால் பெட்டி தானாகவே மெக்கானிக்குக்குத் தகவல் அனுப்பிவிடும். அவர் வந்து சேரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும். யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டு நிறுவனராகச் சேர்ந்தவள் அவனோடு படித்த பெண். எதைச் சொன்னாலும் அதை ஸ்லைடாகத்தான் யோசிப்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு ஸ்லைடு என்றே பெயர். தன் காதலை முறித்துக்கொண்டபோதுகூட ஒரே பக்கத்தில் காரணங்களை அடுக்கி, கடைசியில் 'கேள்விகள் உண்டா?' என்று போட்டு அனுப்பியவள்.

படிப்பில் அவர்களுக்கு 'லிஃப்ட் பேச்சு' என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். பணம் படைத்த ஒருவரோடு லிஃப்டில் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர் இறங்குவதற்குள் நம் கம்பெனியைப் பற்றிச் சொல்லி அவர் மனதைக் கரைத்துவிட வேண்டும். இதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "லிஃப்டுல எவன்டா பேசுவான்? எல்லாரும் நம்பரையே பாத்துக்கிட்டுல்ல நிப்பாங்க? பேச வைக்கணும்னா நடுவுல நிறுத்தணும்." பேராசிரியர் கிட்டத்தட்ட அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். "உங்க பொருளைப் பத்தி எவனுக்கும் அக்கறை இல்ல. உங்களுக்கு என்ன ஆச்சு, அதச் சொல்லுங்க. சோகமான வரி வந்ததும் நிறுத்துங்க. மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க." இதன் விளைவாக அந்த வருடம் அந்த வகுப்பு மாணவர்களின் வீடுகளில் கொள்ளைநோய் வந்ததுபோல் உறவினர்கள் இறந்தார்கள். மாமாக்கள் சர்க்கரை நோயில் போனார்கள். அத்தைகள் ஆம்புலன்ஸ் கிடைக்காமல் போனார்கள். ஒருவன் மட்டும் மனிதர்களைச் சாகடிக்க மனசு வராமல் நாயைச் சாகடித்தான். அவனுக்குத்தான் முதலில் பணம் வந்தது.

நிறுவனர் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அவனிடம் நிஜமாகவே ஒரு சம்பவம் இருந்தது. ஒரு விடுமுறை நாளில், ஆளில்லாத கட்டடத்தில், அப்பாவே ஒரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். மறுநாள் கூட்டாளி வந்து திறந்தபோது உள்ளே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தவர், "கதை சொல்ல ஆளில்லாம போச்சுய்யா, அதான் தூங்கிட்டேன்" என்று எழுந்து வந்தார். அழகான கதை. முதலில் கொஞ்சம் கலக்கம், பின்னால் ஒரு சிரிப்பு. கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்திருந்தான்.

முதலீட்டுக்காரம்மாவின் அறையில் நீள மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், யாரும் தொடாத பிஸ்கட் தட்டு. அவள் பேனா மூடியைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தாள். "எங்க அப்பா லிஃப்ட் மெக்கானிக்" என்று தொடங்கினான். "ஒரு லீவு நாள்ல அவரே லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டார். கத்தினார். கதவைத் தட்டினார். யாரும் வரல." அங்கே நிறுத்தினான். ஒன்று எண்ணினான். பேனா மூடி நின்றது. இரண்டு எண்ணினான். அவள் நெஞ்சில் கைவைத்து முன்னால் சாய்ந்து, "ஐயோ, அப்ப... அவர்..." என்றாள். அவன் மூன்று எண்ணிக்கொண்டிருந்தான். தலை தானாகக் கவிழ்ந்தது. மேசை முனையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஸ்லைடு, சைகை கிடைத்துவிட்டதென்று நினைத்துத் திரையில் அடுத்த பக்கத்துக்குப் போனாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து: 'இனி யாரும் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது.' முதலீட்டுக்காரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் கூட்டாளி வந்ததும், அப்பா காலை நீட்டித் தூங்கியதும் நிறுவனரின் தொண்டையில் தயாராகத்தான் இருந்தன. சொல்வதற்கு அந்த அறையில் இடமில்லாமல் போய்விட்டது.

இறங்கும்போது லிஃப்டில் இருவரும் நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ பொய் சொல்லல" என்றாள் ஸ்லைடு.

"சொல்லல."

"நானும் சொல்லல."

"ம்."

"அப்ப யாருதான் சொன்னா?"

வீட்டில் அப்பா நாளிதழை விரித்து அதன்மேல் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிறுவனர் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கத்துவார், குறைந்தபட்சம் நகவெட்டியைக் கீழே வைப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் சுண்டுவிரலை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எதனால செத்தேன்? மூச்சு முட்டியா, மாரடைப்பா?"

"அத அவங்க கேக்கலப்பா."

"கேக்காமயே நம்பிட்டாங்களா?" அவர் முகத்தில் பொறாமை மாதிரி ஒன்று வந்து போனது. "நான் ஆயுசு முழுக்கப் பேசிப் பேசி நம்ப வச்சேன். நீ பேசாமயே சாதிச்சுட்டியேடா."

அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என் புருஷனச் சாகடிக்க நீ யாருடா? ஒரு வார்த்தை என்னக் கேட்டியா?"

"கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பியோ?" என்றார் அப்பா.

"யோசிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். அதோடு அந்த வீட்டில் அது வேடிக்கையாகிவிட்டது. பணம் வந்து சேர்ந்ததும் மெதுவாக உண்மையைச் சொல்லிவிடுவதாக நிறுவனர் சொன்னான். சொல்லும்போது அவன் அதை நம்பினான்.

பணம் வந்தது. அதோடு ஆட்கள் வந்தார்கள், சக்கர நாற்காலிகள் வந்தன, சுவரில் எழுதி அழிக்கிற பலகை வந்தது, வரவேற்பு மேசைக்கு எதிரே அப்பாவின் படமும் வந்தது. மாட்டியவள் ஸ்லைடு. முதலீட்டுக்காரம்மா ஆசைப்பட்டுக் கேட்டாளாம். படத்துக்கு மேலே ஒரு சின்ன விளக்கு, காலையில் அலுவலகம் திறந்ததும் தானாக எரியும்படி. ஒருநாள் நிறுவனர் மறந்துபோன சார்ஜரை எடுத்துக்கொண்டு அப்பா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வரவேற்புப் பெண் அவரையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் நிறுவனர் ஓடிவந்து, "இவர் எங்க பெரியப்பா" என்றான். அப்பா படத்தின் முன்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சநேரம் பார்த்தார். "நல்ல மனுஷன், பாவம்" என்றார். "கொஞ்சம் வாய் ஜாஸ்தி." வெளியே வந்ததும் மகன் தோளைப் பிடித்தார். "பெரியப்பாவா? செத்தவனவிட எனக்கு வயசு கூடவா? சித்தப்பான்னு மாத்து."

அப்படி அவர் தனக்கே தம்பியானார். அலுவலகம் முழுக்க அவரைச் சித்தப்பா என்றே கூப்பிட்டது. அம்மா மட்டும், "நல்லாருக்குடா, வயசான காலத்துல என்னக் கொழுந்தனோட குடித்தனம் பண்ண வச்சுட்ட" என்று நீட்டி முழக்கிவிட்டு, சாப்பிட வரும்போது அவரிடம், "கொழுந்தனாரே, கை கழுவியாச்சா?" என்பாள். அவரும் மரியாதையாக, "ஆச்சு அண்ணி" என்பார். நிறுவனர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான்.

பெட்டிக்குக் குரல் வேண்டியிருந்தது. வந்து பேசிப் பார்த்தவர்கள் எல்லாரும் விமானத்தில் பெல்ட் போடச் சொல்வதுபோலப் பேசினார்கள். அதைக் கேட்டால் பயம் வராதவனுக்கும் வரும். கடைசியில் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சிறிய அறையில் அவர் தண்ணீர்கூடக் கேட்காமல் பேசினார். "பயப்படாதீங்க. மேல ஆள் போயிருக்கு. அதுவரைக்கும் ஒரு லிஃப்டைப் பத்திச் சொல்றேன். அதுக்கு மூக்குமேல கோவம்..." பதிவு செய்கிற பெண் வேலையை மறந்து கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். லிஃப்ட் நிபந்தனை போட்ட இடம் வந்ததும் அப்பா நிறுத்திக்கொண்டார். "மிச்சத்தச் சொல்லுங்க சித்தப்பா." "மிச்சம் கிடையாதும்மா. கதவு திறந்துடுமே." எத்தனை கெஞ்சியும் சொல்லவில்லை. திறக்காவிட்டால் என்ன செய்வது என்று ஸ்லைடு கேட்டதற்கு, "மறுபடி முதல்லேருந்து ஓடட்டும்" என்றார்.

அன்று காரில் திரும்பும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "ஒருநாள் என்ன உசுரோட கொண்டுவந்துடேன்டா. நேரம் பாத்து. அவசரமில்ல." நிறுவனர் என்று கூப்பிடவில்லை. அது உறைத்தது. "அடுத்த ரவுண்டு முடியட்டும்ப்பா" என்றான். முதலீட்டில் ஒவ்வொரு தவணைக்கும் ரவுண்டு என்று பெயர். குத்துச்சண்டையிலாவது ஒரு கட்டத்தில் மணியடித்து முடிப்பார்கள். இதில் ஒன்று முடிவதே அடுத்ததைத் தொடங்கத்தான். எந்த ரவுண்டு முடிந்தபோதும் அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜலதோஷம் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதுபோல, "ரவுண்டு எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு டி.வி.யைப் பார்ப்பார்.

பெட்டி பொருத்திய லிஃப்டுகள் பெருகியதைக் கொண்டாட ஒரு விழா நடந்தது. அப்பா வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, கடைசி வரிசையில், நடைபாதை ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். எழுந்து வருவதற்குத் தோதான நாற்காலி அது என்பதை மேடையில் ஏறிய பிறகுதான் நிறுவனர் கவனித்தான். முதலீட்டுக்காரம்மா அவர் அருகில் போய், "அண்ணன் இருந்திருந்தா இன்னிக்கு எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்" என்றாள். "பட்டிருப்பான்மா. ஆனா மைக்க விட்டிருக்க மாட்டான்." அவள் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிறுவனர் பேசினான். "எங்க அப்பா..." என்றான். நிறுத்தினான். இந்த முறை பாடத்துக்காக நிறுத்தவில்லை. 'அதோ, அங்கே உட்கார்ந்திருக்கிறார்' என்று சொல்லத்தான் நிறுத்தினான். கடைசி வரிசையில் அப்பா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு கையையும் நாற்காலிப் பிடியில் ஊன்றினார். ஒன்று. இரண்டு. மூன்றுக்குள் அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கிவிட்டது. துக்கத்தில் பேச முடியாமல் நிற்கும் மகனுக்கான கைதட்டல். அது ஓயவே இல்லை. நின்றுகொண்டிருந்தவர்களின் முதுகுகளுக்குப் பின்னால் அப்பா மறைந்துபோனார். எல்லாரும் உட்கார்ந்தபோது, அவரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கடைசியாக உட்கார்ந்தது அவர்தான்.

அதற்குப் பிறகு அவர் ரவுண்டு பற்றிக் கேட்கவில்லை. மழைக்காலம் முடியும்போது, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர் சேனலை மாற்றச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். மூச்சு முட்டியா, மாரடைப்பா என்று மருத்துவர் சொன்னார்; நிறுவனர் காதில் அது விழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கேட்டாள்.

"ஆபீஸ்ல சொன்னியா, அப்பா போயிட்டார்னு?"

"அது அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும்மா."

அம்மா அவனையே பார்த்தாள். திட்டியிருக்கலாம். அன்றைக்கென்று திட்டவில்லை.

அலுவலகத்துக்குச் சித்தப்பா இறந்த செய்தி போயிற்று. விடுப்பு விதிகளை ஸ்லைடுதான் வகுத்திருந்தாள்: பெற்றோர் இறந்தால் இரண்டு வாரம், சித்தப்பா பெரியப்பா என்றால் ஒரு நாள். அவள் போன் செய்து, "ரூல விடு. எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்க" என்றாள். "சித்தப்பாவுக்கு ரெண்டு வாரம் எடுத்தா கேப்பாங்க" என்றான். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. மூன்று எண்ணி முடித்து வெகுநேரம் ஆகியும் யாருக்கும் பேச்சு வரவில்லை. அவன் ஒரு நாள்தான் எடுத்தான். திரும்பிப் போனதும் பக்கத்து மேசைக்காரன் தோளைத் தட்டி, "அப்பாவையே பறிகொடுத்தவன் நீ. சித்தப்பாதானே, தேறிடுவ" என்றான். முதலீட்டுக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நல்லவள், நிஜமாகவே அழுதாள். "அண்ணனும் தம்பியும் இப்போ ஒண்ணா இருப்பாங்க, பாரு" என்றாள்.

அன்று சாயங்காலம் கீழே இறங்கும்போது லிஃப்ட் நின்றது. மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில், ஒரு சின்னக் குலுக்கலோடு. உள்ளே அவன் மட்டும்தான். விசிறி ஓய்ந்தது. பொத்தான்களுக்கு மேலே அவர்கள் கம்பெனிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அந்தச் செருமலை வெட்டிவிடலாம் என்று பதிவின்போது எல்லாரும் சொன்னார்கள், இருக்கட்டும் என்று அவன்தான் விட்டுவைத்தான். "பயப்படாதீங்க. மேல ஆள் போயிருக்கு." நிறுவனர் கோட்டைக் கழற்றி மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தான். காலை நீட்டிக்கொண்டான். கதவைப் படாரென்று சாத்தும் நாலாவது மாடிக்காரர்கள் வந்தார்கள். லிஃப்டுக்கு மூக்குமேல் கோபம் வந்தது. சமாதானப் பேச்சு நடந்தது. "ஒரே ஒரு கண்டிஷன் போட்டுச்சு பாருங்க..." என்று குரல் நின்றது.

"என்ன கண்டிஷன்ப்பா?" என்று அவன் கேட்டான். அப்பா என்று அந்தக் கட்டடத்தில் அவன் சத்தமாகக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. தலைக்கு மேலே மோட்டார் உறுமியது. லிஃப்ட் மெல்ல இறங்கி, தரைத்தளத்தில் கதவு திறந்தது. வெளியே மெக்கானிக், வரவேற்புப் பெண், பையோடு நாலைந்து பேர், அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சார், ஒண்ணும் ஆகலையே? வாங்க சார்" என்று மெக்கானிக் கை நீட்டினார். நிறுவனர் எழுந்தான். அவர்கள் முகங்களை ஒருமுறை பார்த்தான். பிறகு கையை நீட்டிக் கதவு சாத்தும் பொத்தானை அமுக்கினான். கதவுகள் சேரும்வரை விரலை எடுக்கவில்லை.

டி.வி. முன்னால் செத்துப்போன அந்தச் சித்தப்பா நான்தான். கொஞ்சம் ஜலதோஷம் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை, அடுத்த ரவுண்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.